மீயலைவு: எல்லையைக் கடக்கும் அலைகள்

வீணையும் புல்லாங்குழலும் ஒரே சுருதியில் ஒரே சுரத்தை ஒலித்தாலும், எது வீணை, எது குழல் என்பதைச் செவி நொடிப்பொழுதில் அறிந்துகொள்கின்றது. அடிப்படைச் சுரம் இரண்டிலும் ஒன்றே. அதனோடு கூடி எழும் மேற்சுரங்களின் அளவு மட்டுமே வேறுபடுகின்றது. எத்தகைய சிக்கலான ஒலியையும் இவ்வாறு பல தூய அலைகளின் கூட்டாகப் பிரித்து அறியலாம் என்பது இன்று பௌதிகத்தின் அடிப்படைப் பாடங்களுள் ஒன்று. இக்கொள்கைக்கு வித்திட்டவர் பிரான்சு நாட்டுக் கணித அறிஞரான ஜோசப் பூரியர் ஆவார். வெப்பம் ஒரு பொருளினூடே எவ்வாறு பரவுகின்றது என்பதை ஆராய்ந்த அவர், 1807 ஆம் ஆண்டிலே தம் முடிபுகளைக் கட்டுரையாக வழங்கினார். 1822 ஆம் ஆண்டிலே அவற்றை நூலாக வெளியிட்டார். வெப்பத்துக்காகப் பிறந்த அக்கணிதம் பின்னர் ஒலிக்கும் ஒளிக்கும், தொலைபேசிக்கும் வானொலிக்கும் உரியதாயிற்று.

அலையொன்று ஒரு செக்கனில் எத்தனை முறை அதிர்கின்றது என்பதை அதன் மீடிறன் என்பர். பூரியரின் முறைப்படி ஓர் அலையைப் பிரித்துப் பார்க்கும்போது, அதன் உறுப்புகளுள் மிக விரைவானது ஒன்று இருக்கும். அவ்வுறுப்பின் மீடிறனே அந்த அலைக்கு மேலெல்லை என்று கூறுவர். இங்கே ஓர் எண்ணம் எவர் உள்ளத்திலும் இயல்பாகத் தோன்றும். எல்லா உறுப்புகளும் அவ்வெல்லைக்கு உட்பட்டவை. ஆகவே அவற்றின் கூட்டும் எந்த இடத்திலும் அவ்வெல்லையைக் கடந்து விரைவாக அலையமாட்டாது. மெதுவாகச் செல்லும் மாட்டுவண்டிகளை எத்தனை சேர்த்தாலும் குதிரையின் வேகம் வந்துவிடுமோ என்று கேட்பது போன்ற நியாயம் இது. பொறியியலாளர் பலரும் நெடுங்காலம் இவ்வாறே கருதிவந்தனர்.

ஆயின், இந்த எண்ணம் தவறானது. மெதுவான அலைகளைத் தக்க அளவிலே சேர்த்தால், அக்கூட்டு ஒரு குறுகிய இடத்திலே தன் மிக விரைவான உறுப்பைக் காட்டிலும் பன்மடங்கு விரைவாக அலையக்கூடும். அந்த விரைவைத் தன் விருப்பப்படி எவ்வளவுக்கும் உயர்த்தலாம் என்றும் கணிதம் கூறுகின்றது. எல்லையை மீறி அலைவதால் இதனை மீயலைவு எனலாம். மந்திரம்போலத் தோன்றும் இந்நிகழ்ச்சியின் உட்பொருளை அறிவதற்கு உயர்ந்த கணிதம் வேண்டியதில்லை. பாடசாலைத் திரிகோணகணித அட்டவணை ஒன்றும், சிறிது பொறுமையும் போதுமானவை.

கோசைன் எனப்படும் சார்பை எடுத்துக்கொள்வோர், ஒரு கோணத்தின் கோசைனிலிருந்து 10 பாகையின் கோசைனைக் கழிக்கட்டும். அதே கோணத்தின் கோசைனிலிருந்து 30 பாகையின் கோசைனையும், பின்னர் 50 பாகையின் கோசைனையும் தனித்தனியே கழிக்கட்டும். கிடைக்கும் மூன்று மீதிகளையும் ஒன்றோடொன்று பெருக்கினால் ஒரு புதிய சார்பு கிடைக்கும். அதை விரித்து எழுதினால் நான்கே உறுப்புகள் காணப்படும். அசைவில்லாத மாறிலி ஒன்று. கோணத்தின் கோசைன் ஒன்று. அக்கோணத்தின் இருமடங்கின் கோசைன் ஒன்று. மும்மடங்கின் கோசைன் ஒன்று. இவற்றுள் மிக விரைவானது மும்மடங்கின் கோசைனே. அது 60 பாகைக்கு ஒருமுறை பூச்சியத்தைக் கடப்பது. அதைவிட விரைவான உறுப்பு எதுவும் இச்சார்பில் இல்லை.

எனினும் அந்தச் சார்பு எங்கெங்கே பூச்சியத்தைக் கடக்கின்றது என்பதை நோக்குக. 10, 30, 50 பாகைகளிலே அது பூச்சியமாதல் வேண்டும், அவ்வாறே அமைக்கப்பட்டது. கோசைன் இருபக்கமும் ஒத்தது ஆதலால், எதிர்ப்புறத்தில் 10, 30, 50 பாகைகளிலும் அது பூச்சியமாகும். ஆக, இப்பக்கம் 50 பாகையிலிருந்து அப்பக்கம் 50 பாகை வரையிலே, சரியாக 20 பாகைக்கு ஒருமுறை அது பூச்சியத்தைக் கடக்கின்றது. மிக விரைவான உறுப்புக்கு 60 பாகை தேவைப்பட, கூட்டுக்கு 20 பாகையே போதுமாயிற்று. அந்த இடத்திலே கூட்டு தன் உறுப்பைக் காட்டிலும் மும்மடங்கு விரைவாக அலைகின்றது. எந்த விதியும் மீறப்படவில்லை. எந்த உறுப்பும் மறைத்துவைக்கப்படவில்லை.

இது எவ்வாறு இயலும் என்று கேட்டால், நான்கு உறுப்புகளின் அளவுகளே விடை கூறும். மாறிலி குறை 1.79502, முதற் கோசைன் கூட்டல் 2.79256, இருமடங்கின் கோசைன் குறை 1.24681, மும்மடங்கின் கோசைன் கூட்டல் 0.25. நடுவிடத்தில் இந்நான்கையும் கூட்டிப்பார்த்தால் எஞ்சுவது 0.0007 அளவே. பெரிய எண்கள் ஒன்றையொன்று ஏறக்குறைய முற்றாக அழித்துக்கொள்ள, அவ்வழிவின் எச்சமாக நிற்கும் நுண்ணிய சிற்றலையே மீயலைவு. கடலில் பேரலைகள் எதிரெதிர் மோதி அடங்கும் இடத்திலே, நீர்ப்பரப்பில் மெல்லிய நெளிவுகள் மட்டும் எஞ்சுவதை இதற்கு உவமையாகக் கொள்ளலாம்.

இனி, இச்சார்பின் மறுபக்கத்தையும் காணவேண்டும். 180 பாகையில் அதன் அளவு 6.08 ஆக உயர்கின்றது. நடுவிலுள்ள சிற்றலையோடு ஒப்பிட்டால் அது 8,000 மடங்குக்கும் அதிகம். இத்தகைய சார்பு ஒரு முழுச் சுற்றிலே 6 முறைக்கு மேல் பூச்சியத்தைக் கடக்கமாட்டாது என்பது கணிதம் விதித்த வரையறை. ஆறையும் அது 100 பாகைக்குள்ளேயே செலவிட்டுவிட்டது. எஞ்சிய 260 பாகையில் ஒருமுறையேனும் பூச்சியத்தைத் தொடாமல், மலைபோல் எழுந்து இறங்குகின்றது. ஆகவே முழுச்சுற்றுக்குரிய கணக்கிலே பிழையில்லை. ஓரிடத்தில் காட்டிய வேகத்துக்கு வேறோரிடம் விலை கொடுக்கின்றது.

அந்த விலை எவ்வாறு ஏறுகின்றது என்பதே இத்துறையின் மையமான கேள்வியாகும். மேற்கூறிய எடுத்துக்காட்டில் 10, 30, 50 என்பவற்றுக்குப் பதிலாக 5, 15, 25 பாகைகளை வைத்தால், அலைவு இருமடங்கு விரைவாகும். அப்பொழுது மலைக்கும் சிற்றலைக்கும் உள்ள விகிதம் 8,000 மடங்கிலிருந்து 6 இலட்சம் மடங்குக்கு மேலே சென்றுவிடும். இது பெரிய ஏற்றமே. ஆயினும், வேகத்தைக் கூட்டுவதைவிட எண்ணிக்கையைக் கூட்டுவது இன்னும் கொடிய விலையைக் கேட்கும். போர்த்துக்கல் நாட்டைச் சேர்ந்த பாவுலோ பெரெய்ரா, கனடாவில் பணிபுரியும் ஆக்கிம் கெம்ப் ஆகிய இருவரும் 2006 ஆம் ஆண்டிலே இதனை நிறுவினர். அலைவின் வேகம் உயரும்போது தேவையான சத்தி ஒரு குறித்த அடுக்கின்படியே வளரும். மீயலைவுகளின் எண்ணிக்கை உயரும்போதோ, ஒவ்வொன்றுக்கும் பெருக்கல் முறையில் வளரும். சதுரங்கப் பலகையில் ஒன்று, இரண்டு, நான்கு என நெல்மணி கேட்ட புலவனின் கதையிற் போல, சில கட்டங்களுக்குள்ளே அரசனின் களஞ்சியம் வற்றிவிடும்.

இந்த வேறுபாட்டை உள்ளத்திற் கொண்டால், மீயலைவினாலே எது கைகூடும், எது கைகூடாது என்பது தெளிவாகும். பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியை, செக்கனுக்கு ஒரு முறைக்கு மேல் அதிராத அலைகளைக் கொண்டே ஒலிக்கச் செய்யலாம் என்று இத்துறை அறிஞரிடையே ஒரு பேச்சு வழங்குவதுண்டு. கணிதம் அதற்குத் தடை சொல்லவில்லை. ஆனால், ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் அந்த இசையில், செவிக்கு எட்டும் உச்ச மீடிறனாகிய 20,000 வரை அடங்கவேண்டுமாயின், கோடிக்கணக்கான அலைவுகளை மீயலைவாக ஆக்கவேண்டும். இசைக்கு முன்னும் பின்னும் எழும் பேரலைக்கு வேண்டிய சத்தியை எந்த மின்நிலையமும் தரமாட்டாது. விண்மீன்களை எல்லாம் சேர்த்தாலும் போதாது. ஆகவே ஒரு குறுகிய அலைவரிசையிலே அளவற்ற செய்தியைத் திணித்து அனுப்பலாம் என்னும் ஆசை நிறைவேறாது. செய்தித் தொடர்புக்குரிய பழைய எல்லைகள் உறுதியாகவே நிற்கின்றன. ஆனால், ஒன்றிரண்டு மீயலைவுகளே தேவைப்படும் வேலை எதுவும் உண்டாயின், அங்கே விலை தாங்கக்கூடியதே.

இக்கருத்தின் வரலாறு இரண்டு ஊற்றுகளிலிருந்து வந்தது. ஒன்று வானொலிப் பொறியியல். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பணிபுரிந்த செர்கேய் ஷெல்குனோவ் 1943 ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஆய்வொன்றில், வரிசையாக நிறுத்திய சிறிய ஏரியல்களைக் கொண்டு, அவற்றின் அளவுக்குப் பொதுவாக உரியதை விடக் கூர்மையான கதிரை ஒரு திசையிலே செலுத்தலாம் என்று காட்டினார். அருகருகே உள்ள ஏரியல்களில் எதிரெதிரான பெரு மின்னோட்டங்கள் பாய வேண்டியிருந்தமையால், நடைமுறையில் அது எளிதாக இருக்கவில்லை. இத்தாலிய அறிஞர் ஜூலியானோ தொரால்டோ டி பிராஞ்சா 1952 ஆம் ஆண்டிலே இதே எண்ணத்தை ஒளியியலுக்குக் கொண்டுவந்தார். வில்லையின் மேல் தக்க வளையங்களை அமைத்தால், ஒளிப்புள்ளியை வழக்கமான எல்லையைக் காட்டிலும் சிறிதாக்கலாம் என்று அவர் விளக்கினார்.

மற்றைய ஊற்று, அணுவுலகை ஆளும் குவாண்டம் கொள்கை. யாக்கிர் அகரோனொவ் என்னும் இஸ்ரேலிய அறிஞர், டேவிட் அல்பேர்ட், லெவ் வைட்மன் ஆகியோரோடு சேர்ந்து 1988 ஆம் ஆண்டிலே ஒரு வியத்தகு கட்டுரையை வெளியிட்டார். அரை என்னும் அளவைத் தாண்டாத சுழற்சியுடைய துணிக்கை ஒன்றை மிக மென்மையாக அளந்து, பின்னர் ஒரு குறித்த நிலையில் அகப்பட்டவற்றை மட்டும் தெரிந்தெடுத்தால், அளவு 100 என்றும் வரலாம் என்று அவர்கள் காட்டினர். அளவுகோலின் அலைகள் ஒன்றையொன்று அழித்து, எச்சமாக மீயலைவு எஞ்சுவதே இதற்குக் காரணம். இங்கேயும் விலை உண்டு. அத்தகைய துணிக்கைகள் மிக அரிதாகவே அகப்படும், பெரும்பாலானவை கழிக்கப்படும். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்துப் பௌதிக அறிஞர் மைக்கல் பெரி, அகரோனொவின் அறுபதாம் ஆண்டு நிறைவையொட்டிய மலரில் 1994 ஆம் ஆண்டிலே இதன் கணிதத்தை விரித்துரைத்தபின், மீயலைவு தனியொரு துறையாக வளரத் தொடங்கியது.

மென்மையான அளவீடு வெறும் புதிராக நின்றுவிடவில்லை. அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் ஒனுர் ஒஸ்ரன், போல் குவியட் என்னும் இருவரும் 2008 ஆம் ஆண்டிலே, ஒளிக்கதிர் கண்ணாடிக்குள் முறியும்போது நேரும் மிகச் சிறிய பக்கவிலகலை இம்முறையினால் ஏறக்குறைய 10,000 மடங்கு பெருக்கி அளந்தனர். ஒரு மில்லிமீற்றரைக் கோடி கூறாக்கினால் அவற்றுள் ஒன்றின் அளவான விலகல் வரையிலே அவர்களின் கருவி உணர்ந்தது. அது ஓர் அணுவின் பருமனை ஒத்த தூரம்.

அகரோனொவ் எழுப்பிய வேறொரு கேள்வி இன்றும் அறிஞரை ஆழ்ந்த சிந்தனைக்குள்ளாக்குகின்றது. ஒரு பெட்டிக்குள் குறைந்த சத்தியுடைய துணிக்கை ஒன்று இருக்கின்றது. அதன் அலை பெட்டியின் நடுவிலே மீயலைவாக அமைந்துள்ளது. அந்த நடுவிடத்தில் மட்டும் ஒரு கணம் வாயிலைத் திறந்து மூடினால், மிக அரிதாக அத்துணிக்கை வெளியேறும். வெளியேறினால் பெரும் சத்தியோடு வெளியேறும். அந்த மிகுதியான சத்தி எங்கிருந்து வந்தது? பல முறை செய்து சராசரி எடுத்தால் சத்திக் காப்பு விதி சரியாகவே நிற்கின்றது. தனியொரு நிகழ்ச்சியில் அவ்விதியின் பொருள் என்ன என்பதைத் திரும்பவும் ஆராயவேண்டும் என்று அகரோனொவ், சாண்டு பொப்பெஸ்கு, டானியேல் ரோர்லிக் ஆகிய மூவரும் 2021 ஆம் ஆண்டிலே வாதிட்டனர்.

இனி, ஒன்றிரண்டு மீயலைவுகளே போதுமான வேலை எது என்னும் கேள்விக்கு வரலாம். அது நுணுக்குக்காட்டியின் வேலை. ஜேர்மனியின் யேனா நகரில் வாழ்ந்த ஏர்ணஸ்ற் அபே 1873 ஆம் ஆண்டிலே ஒரு விதியை வகுத்தார். வில்லையை எவ்வளவு செம்மையாகச் செய்தாலும், ஒளியின் அலைநீளத்தில் ஏறக்குறைய பாதியை விட நெருங்கிய இரு புள்ளிகளைப் பிரித்துக் காணமுடியாது என்பதே அவ்விதி. யேனா நகரிலுள்ள அவருடைய நினைவுச்சின்னத்திலும் அச்சூத்திரம் பொறிக்கப்பட்டுள்ளது. பச்சை ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 500 நானோமீற்றர். ஒரு நானோமீற்றர் என்பது மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. ஆகவே 250 நானோமீற்றருக்குக் கீழ்ப்பட்டவை மங்கிய ஒரே புள்ளியாகத் தோன்றும். பற்றீரியாவின் உருவத்தைக் காணலாம். 100 நானோமீற்றர் அளவுள்ள இன்புளுவன்சா வைரசின் அமைப்பைக் காணவியலாது.

இத்தடையைத் தாண்டும் வழிகள் முன்னரே உண்டு. இலத்திரன் நுணுக்குக்காட்டி அணுக்களைக் கூடக் காட்டும். எனினும் பொதுவாக அதற்குள் வைக்கப்படும் பொருள் காற்று நீக்கிய வெற்றிடத்தில் இருத்தல் வேண்டும். உயிருள்ள கலம் அங்கே பிழைக்காது. பொருளின் மேற்பரப்பைத் தொடுமளவு அண்மையில் நுண்முனையைக் கொண்டு சென்று பார்க்கும் முறையும் உண்டு. அது மேற்பரப்பை மட்டுமே காட்டும். ஒளிரும் சாயப்பொருள்களைக் கலத்துக்குள் ஏற்றி, அவற்றின் ஒளியைக் கொண்டு நுண்ணுருவம் காணும் முறைகளுக்காக எரிக் பெற்சிக், ஸ்டெபான் ஹெல், வில்லியம் மோர்னர் ஆகிய மூவருக்கும் 2014 ஆம் ஆண்டின் இரசாயன நோபெல் பரிசு வழங்கப்பட்டது. அந்த முறைகள் சிறந்தவையே. ஆயினும் சாயம் ஏற்காத பொருளை அவற்றாற் காண இயலாது.

மீயலைவு இவ்விடத்திலே கைகொடுக்கின்றது. பெரியும் பொப்பெஸ்குவும் 2006 ஆம் ஆண்டிலே, மீயலைவாக அமைந்த ஒளி தன் நுண்மையை இழக்காமல் பல அலைநீளத் தூரம் செல்லக்கூடும் என்று கணித்துக் காட்டினர். இங்கிலாந்தின் சௌதாம்ப்ரன் பல்கலைக்கழகத்திலே நிக்கொலாய் செலுடேவ் தலைமையிலான குழுவினர் இதனைச் செயலில் நிறுவினர். மெல்லிய உலோகத் தகட்டிலே ஒருமைய வளையங்களை வெட்டி அவர்கள் ஒரு வில்லையைச் செய்தனர். ஒவ்வொரு வளையத்தினூடும் வரும் ஒளி தன் பங்கைச் செலுத்த, மையத்திலே எல்லையை விடச் சிறிய ஒளிப்புள்ளி ஒன்று உருவாயிற்று. 2012 ஆம் ஆண்டிலே வெளியான அவர்களின் ஆய்வு, அலைநீளத்தின் ஆறில் ஒரு பங்கை விட நுண்ணிய விவரங்களைப் பிரித்துக் காட்டியது. சாயமும் வேண்டியிருக்கவில்லை, வெற்றிடமும் வேண்டியிருக்கவில்லை, பொருளைத் தொடவும் வேண்டியிருக்கவில்லை.

முன்னே கூறிய விலை இங்கும் மறையவில்லை. மையப் புள்ளியைச் சுற்றி, அதைவிடப் பன்மடங்கு பிரகாசமான ஒளிவட்டம் எழுந்தே தீரும். 180 பாகையில் எழுந்த மலையே இங்கு ஒளிவட்டமாக நிற்கின்றது. அதன் ஒளி உணர்கருவியை அடைந்தால் உருவம் கெடும். ஆகவே, பொருளைப் புள்ளி புள்ளியாக நகர்த்தி, மையத்திலிருந்து வரும் ஒளியை மட்டும் சிறு துளையினூடாக ஏற்று, ஏனையதைத் தடுத்து உருவத்தைச் சேர்க்கின்றனர். இன்னொரு தொல்லை செய்நேர்த்தி பற்றியது. எடுத்துக்காட்டிலே கூறிய நான்கு எண்களையும் மூன்று தசமதானத்தோடு நிறுத்திவிட்டால், நடுவிலுள்ள சிற்றலை உருமாறிவிடும். அவ்வாறே வில்லையின் வளையங்களில் ஒரு சிறு பிழை நேர்ந்தாலும் ஒளிப்புள்ளி சிதையும். நுண்வெட்டுக் கலை வளர்ந்தபின்னரே இத்தகைய வில்லை சாத்தியமாயிற்று என்பதன் காரணம் இதுவே.

மீயலைவு மனிதன் வருந்திச் செய்யும் செயற்கைப் பொருள் மட்டுமன்று. லேசர் ஒளியைக் கரடான சுவர் ஒன்றிலே செலுத்தினால், மணல் தூவியதுபோன்ற புள்ளிக்கோலம் ஒன்று தோன்றும். பல திசைகளிலிருந்தும் ஒழுங்கின்றிச் சேரும் அலைகளின் விளையாட்டு அது. மார்க் டெனிஸ், அலஸ்டெயர் ஹமில்டன், ஜொகான்னெஸ் கூர்டியால் ஆகியோர் 2008 ஆம் ஆண்டிலே இதனைக் கணக்கிட்டனர். ஒரே அலைநீளமுடைய அலைகள் ஒரு தளத்தில் ஒழுங்கின்றிக் கலக்குமாயின், அத்தளத்தின் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு மீயலைவாக இருக்கும் என்பது அவர்களின் முடிபு. அவை இருள் செறிந்த இடங்களிலே மிக மெல்லியவையாக ஒளிந்திருப்பதனாலே கண்ணுக்குப் புலப்படவில்லை. நூற்றாண்டுகளாக இயலாதென எண்ணப்பட்ட ஒன்று, ஒழுங்கற்ற ஒளியிலே மூன்றில் ஒரு பங்கு இடத்தை நிரப்பிக்கொண்டிருந்தது.

அபேயின் விதியும் பூரியரின் கணிதமும் இதனால் பொய்யாகிவிட்டனவோ என்று எவரும் கேட்கலாம். அவை பொய்யாகவில்லை. பூரியரின் கணிதம் அலை முழுவதையும் பற்றிப் பேசுவது; அதனை ஒவ்வொரு சிறிய இடத்துக்கும் உரிய விதியாக மற்றவர்களே விரித்துக்கொண்டனர். அபேயின் விதி, ஒளி முழுவதையும் வீணாக்காமல் ஒரு புள்ளியிற் குவிக்க விரும்புவோனுக்கு இன்றும் மாறாத விதியே. ஒளியின் பெரும்பகுதியை இழக்கச் சம்மதிப்போனுக்கு மட்டுமே அதற்கு அப்பாலும் ஒரு வழி திறக்கின்றது. சாயம் ஏற்றாத உயிர்க்கலம் ஒன்று, அது வாழும் நிலையிலேயே எவ்வாறு இயங்குகின்றது என்பதைக் காணவேண்டும் என்பது மருத்துவ ஆய்வின் நெடுநாள் விருப்பம். அதற்காக ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளியே பயன்பட, எஞ்சியது வீணாவதாயினும், ஆய்வாளர் அந்த விலையை மனமுவந்து கொடுப்பர்.